மலையேறாமல் போன் ரிப்பேர்!

வீட்டு போன் செத்துப்போனால் முன்பெல்லாம் ஒரே வழிதான். எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுக்க வேண்டும். லைன்மேன் வருவார். கம்பத்தில் ஏறுவார். மழையில் ஊறிப்போன ஜாயின்ட்டைப் பிரித்து மறுபடி முறுக்குவார். ரிசீவரைக் காதில் வைத்து ‘ஹலோ’ சொல்லிப் பார்த்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

கள்ளக்குறிச்சி டவுனுக்குள் என்றால் இது ஒரு நாள் வேலை. கல்வராயன் மலைக்கு என்றால்? கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து சேராப்பட்டு, இன்னாடு பக்கம் என்றால் இன்னும் தூரம். வேலை என்னவோ ஐந்து நிமிஷம்தான் இருக்கும். போய் வரத்தான் ஒரு நாள்.

இன்று அந்த வேலையில் பாதியை எங்கோ ஒரு குளுகுளு அறையில் இருக்கும் சர்வர் செய்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் போன் பெட்டி, இன்டர்நெட் வழியாக அந்த சர்வரிடம் தானே போய், ‘எனக்கு என்ன செட்டிங்ஸ்?’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. யாரும் மலையேற வேண்டியதில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டியை வெளியே இருக்கும் ஒருவர் மாற்றி அமைக்கலாம் என்றால், அது எப்படி நடக்கிறது, எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

போனுக்கு எதற்கு செட்டிங்ஸ்?

பழைய லேண்ட்லைன் போனுக்கு அப்படி எதுவுமே கிடையாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் வீட்டுக்கு வரும். நம்பர் என்பது அந்தக் கம்பிக்குச் சொந்தம். கருப்பு போனைக் கழற்றிவிட்டு சிவப்பு போனை மாட்டினாலும் அதே நம்பர்தான் பேசும். கரன்ட்கூட எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்திருக்கும் பேட்டரிகளிலிருந்து, 48 வோல்ட், அதே கம்பியில் வந்துவிடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் வேலை செய்ததன் ரகசியம் இதுதான்.

இன்டர்நெட் போன் வேறு ஜாதி. பேசுகிற குரலை ஒரு பெட்டி எண்களாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. பொதுவாக ஒரு நொடிக்கு ஐம்பது பொட்டலம். அந்தப் பக்கம் இருக்கும் கருவி அவற்றைப் பிரித்து மறுபடி குரலாக்குகிறது. பழைய போனை இன்டர்நெட்டோடு சேர்த்து வைக்கும் இந்தப் பெட்டிக்கு ஏ.டி.ஏ. என்று பெயர். ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் தனியாக ஒரு ஏ.டி.ஏ.வைப் பார்க்க முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் ஓ.என்.டி. பெட்டிக்குள்ளேயே அது அடங்கியிருக்கும். பெட்டியின் பின்னால் போன் ஒயர் சொருக ஒரு சின்ன ஓட்டை தெரிகிறதே, அதுதான் அடையாளம். பி.எஸ்.என்.எல். ஃபைபரில் வீட்டு போன் பேசுவது இந்த வழியாகத்தான்.

இங்கே நம்பர் கம்பிக்குச் சொந்தமில்லை, பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கும் விவரத்துக்குச் சொந்தம். எந்த சர்வரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும், எந்தப் பெயரில், என்ன பாஸ்வேர்டில், எத்தனை இலக்கம் அமுக்கினால் கால் போக வேண்டும் என்று வரி வரியாக இருக்கும். சில பெட்டிகளில் இந்த வரிகள் நூற்றுக்கணக்கில் வரும். அதில் ஒரு எழுத்து மாறினாலும் டயல் டோன் வராமல் போகலாம். பெட்டி புத்தம் புதிதாக இருக்கும், ஒயர் சரியாக இருக்கும், இன்டர்நெட்கூட ஓடும். போன் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

ரேஷன் கார்டு மாதிரி

இந்த வரிகளை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஆள் உட்கார்ந்து தட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் வந்த ஏற்பாடுதான் தூரத்திலிருந்தே செட்டிங்ஸ் போடுவது.

எல்லாப் பெட்டியின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ‘மேக்’ நம்பர் என்று பன்னிரண்டு இலக்கம் இருக்கும். பூஜ்யம் முதல் ஒன்பது வரையும், ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும். முதல் ஆறு, பெட்டியைச் செய்த கம்பெனிக்கானது. மீதி ஆறு, அந்தப் பெட்டிக்கே உரியது.

பெட்டிக்குக் கரன்ட் வந்ததும் முதலில் இன்டர்நெட்டைப் பிடிக்கிறது. பிறகு தனக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கும் சர்வர் விலாசத்துக்குப் போய், தன் மேக் நம்பரைச் சொல்கிறது. சர்வரில் அந்த நம்பருக்கென்று ஒரு ஃபைல் தயாராக இருக்கும். பெட்டி அதை இறக்கிக்கொண்டு, அதில் உள்ளபடி தன்னை மாற்றிக்கொண்டு, போன் சர்வரில் போய்ப் பதிவு செய்துகொள்கிறது. ரேஷன் கடையில் கார்டைக் காட்டியதும் அந்தக் குடும்பத்துக்கு உரிய அரிசி, பருப்பு, சர்க்கரை வருவது மாதிரிதான்.

ஃபைலைக் கொடுப்பது ஏதோ விசேஷமான இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். செய்தியையும் சமையல் குறிப்பையும் செல்போனுக்குக் கொடுக்கும் அதே மாதிரி வெப் சர்வர்தான். முதலில் இதற்கு டி.எஃப்.டி.பி. என்ற முறை அதிகம் பயன்பட்டது. 1981-லேயே எழுதப்பட்டுவிட்ட, மிக எளிமையான முறை. பாஸ்வேர்டு கேட்பதுகூடக் கிடையாது. ஒரு கட்டடத்துக்குள் அது போதும். வீட்டு ரவுட்டர்களைத் தாண்டிப் பொது இன்டர்நெட்டில் போய் வருவதற்கு அது தோதாக இல்லை. வெப் பக்கம் போகும் பாதையோ எல்லா ரவுட்டரிலும் திறந்தே இருக்கிறது. அந்தப் பாதையிலேயே போன் பெட்டியும் போய் வர ஆரம்பித்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பெட்டி ஏன் போய்க் கேட்க வேண்டும், சர்வரே வந்து கொடுத்தால் என்ன? வீட்டு ரவுட்டர் பூட்டிய கேட் மாதிரி. உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். வெளியாள் தானாக உள்ளே நுழைய முடியாது. அதனால் பெட்டிதான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையோ, ஒரு நாளைக்கு ஒரு முறையோ சர்வரைப் போய்ப் பார்த்து, ‘ஏதாவது மாறியிருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு வரும்.

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் செய்துகொண்டிருந்ததை ஒழுங்குக்குக் கொண்டுவர, 2004-ல் டி.ஆர்.069 என்ற பொது முறை வந்தது. உலகம் முழுவதும் இன்டர்நெட் கம்பெனிகள் வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டிகளைப் பராமரிக்க இதைப் பயன்படுத்துகின்றன. ஃபைபரில் இன்னொரு வழியும் உண்டு. பல வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. என்ற பெரிய கருவி, அதே கண்ணாடி இழை வழியாகவே ஓ.என்.டி. பெட்டிக்குக் கட்டளை கொடுத்துவிடும்.

மலைக்கு என்ன லாபம்?

விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பர் 26-ல் பிரிந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு கல்வராயன். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்றுதான் பொருள். சாமையும் மரவள்ளியும் விளையும், கடுக்காய் பொறுக்கும் பூமி. ஆண்கள் வேலை தேடி வெளியூர் போய்விட, வயதானவர்களும் குழந்தைகளும் ஊரில் இருக்கும் வீடுகள் உண்டு. மேடும் பள்ளமுமான இடத்தில் செல்போன் சிக்னல் ஒரு வீட்டுத் திண்ணையில் கிடைக்கும், உள்ளே போனால் போய்விடும். பிரசவ வலியோ பாம்புக் கடியோ என்றால் 108-க்கு ஒரு கால் போக வேண்டும். அந்த ஒரு காலில் உயிரே இருக்கலாம்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. இங்கே அந்த வேலையைச் செய்வது டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன். இப்படி ஒரு கேபிள் எட்டும் மலை ஊரில், ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வீட்டிலோ ஒரு போன் பெட்டி வைக்கலாம். அது ரிப்பேரானால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

தூரத்திலிருந்து செட்டிங்ஸ் போடும் வசதி இருந்தால், பேச்சு இப்படித்தான் முடியும்:

“அக்கா, பெட்டியில போன் படம் போட்ட லைட் எரியுதா?”

“மத்ததெல்லாம் எரியுது தம்பி. அது மட்டும் எரியல.”

“சரிக்கா. சுவிட்சை ஆஃப் பண்ணி, பத்து எண்ணிட்டுப் போடுங்க. ரெண்டு நிமிஷம் ஆகும், வெயிட் பண்ணுங்க.”

“போட்டாச்சு… ஆங், இப்ப பச்சையா எரியுது!”

கீழே இருந்தபடியே அந்தத் தம்பி சர்வரில் இருந்த ஃபைலில் தப்பைத் திருத்தியிருப்பார். பெட்டி மறுபடி உயிர் பெற்றதும் புது ஃபைலை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இடி மின்னலில் பெட்டியே எரிந்துபோனால், வெள்ளிமலைக்கு வரும் பஸ்ஸில் ஒரு வெறும் பெட்டியைக் கொடுத்தனுப்பினால் போதும். கூடவே ஆள் வரத் தேவையில்லை. புதுப் பெட்டியின் மேக் நம்பரை மட்டும் பழைய வாடிக்கையாளர் பெயரில் சர்வரில் ஏற்றிவிட்டால், பழைய நம்பர் புதுப் பெட்டியில் மணி அடிக்கும். பள்ளி மாணவன்கூட ஒயரைச் சொருகிவிடலாம். ஸ்டிக்கரில் இருக்கும் பன்னிரண்டு இலக்கத்தைத் தப்பில்லாமல் வாசித்துச் சொல்வதுதான் முக்கியமான வேலை.

ஒரு வரி விடுபட்டால்…

2005-ம் வருஷம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர்கள் புகுந்து கணவன் மனைவி இருவரையும் சுட்டார்கள். பதின்ம வயது மகள் மாடியிலிருந்து அவசர உதவி எண் 911-ஐ அழைத்தாள். அது இன்டர்நெட் போன். 911 கிடைக்கவில்லை. அந்தச் சேவையைத் தனியாகப் பதிவு செய்து இயக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்ற எல்லா நம்பருக்கும் பேசிய போன், தேவைப்பட்ட அந்த நம்பருக்குப் பேசவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், இன்டர்நெட் போன் கம்பெனிகள் அவசர அழைப்பைக் கட்டாயம் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது.

செட்டிங்ஸ் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதன் ஆபத்து இது. போன் வேலை செய்கிறது என்பதாலேயே எல்லா நம்பரும் போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று இலக்க நம்பர்களை எப்படிக் கையாள்வது என்பதும் அந்த ஃபைலில் ஒரு வரிதான். அந்த வரி விடுபட்டிருந்தால், பெட்டி மேலும் இலக்கங்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கலாம். அதனால் புது இணைப்பு வந்த அன்றே, பொருத்த வந்தவரிடம், ‘இதிலிருந்து 108, 112 போகுமா? சரிபார்த்துவிட்டீர்களா?’ என்று கேட்டுவிடுவது நல்லது. இது விதண்டாவாதம் இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

சாவி யாரிடம்?

ரேஷன் கடையில் இப்போது கார்டு நம்பரோடு கைரேகையும் கேட்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். நம்பரை மட்டும் சொன்னால் பொருள் கிடைக்கும் என்றால், அடுத்தவர் நம்பரைச் சொல்லி வாங்கிப்போக ஆள் வரும்.

போன் பெட்டி விஷயத்திலும் அதே கதைதான். மேக் நம்பரில் முதல் ஆறு, கம்பெனிக்குப் பொதுவானது. மீதி ஆறை வரிசையாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் போதும். சர்வர் வேறு எதுவும் கேட்காமல் ஃபைலைத் தூக்கிக் கொடுத்தால், அதில் இருக்கும் போன் பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விடும். பிறகு யாரோ ஒருவர், எங்கிருந்தோ, இந்த வீட்டு நம்பரில் நடுராத்திரி வெளிநாட்டுக்குப் பேசலாம். பில் வீட்டுக்கு வரும்.

இதைத் தடுக்கும் வழிகளும் இருக்கின்றன. ஃபைலைப் பூட்டிய பாதையில், அதாவது ஹெச்.டி.டி.பி.எஸ். முறையில் அனுப்புவது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தொழிற்சாலையிலேயே ஒரு டிஜிட்டல் சான்றிதழை வைத்து, அதைக் காட்டினால்தான் ஃபைல் கொடுப்பது. கைரேகை மாதிரியான ஏற்பாடு இது. இதையெல்லாம் செய்ய வேண்டியது கம்பெனி. செய்திருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

பெட்டியைப் பராமரிக்க வைத்திருக்கும் கதவே எதிரிக்கும் வழியாகிவிடலாம் என்பதை ஜெர்மனி 2016 நவம்பரில் பார்த்தது. டாய்ச் டெலிகாம் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் சுமார் ஒன்பது லட்சம் பேரின் வீட்டு ரவுட்டர்கள் திடீரென்று தடுமாறின. தூரத்திலிருந்து செட்டிங்ஸ் போடுவதற்கான வாசல் வழியாக ஒரு வைரஸ் நுழைய முயன்றது. நுழைய முடியாவிட்டாலும் பெட்டிகள் திணறி நின்றுவிட்டன. அங்கே பல வீடுகளில் போனும் இன்டர்நெட் வழியாகத்தான். இன்டர்நெட், டி.வி.யோடு போனும் போனது. சரி செய்ததும் அதே மாதிரிதான். கம்பெனி புது மென்பொருளைத் தயார் செய்துவிட்டு, ‘பெட்டியை ஒரு முறை ஆஃப் செய்து போடுங்கள்’ என்று மக்களிடம் சொன்னது. பெட்டிகள் தாமாகவே போய் மருந்தை வாங்கிக்கொண்டன.

சர்வரால் முடியாதது

கண்ணாடி இழை அறுந்துவிட்டால் எந்த சர்வரும் எதுவும் செய்ய முடியாது. பெட்டி போய்க் கேட்பதற்கே பாதை இல்லையே! வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரம் சாய்ந்து கேபிளில் விழுந்தால், இழையை ஒட்டவைக்கும் கருவியோடு ஆள் மலையேறித்தான் ஆக வேண்டும்.

கரன்ட் போனாலும் அப்படித்தான். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் கரன்ட் கொடுத்தது. இந்தப் பெட்டிக்கு வீட்டுக் கரன்ட்தான். மழைக்காலத்தில் மலையில் கரன்ட் போகும் நேரமும் போன் அவசியமாகும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நல்ல வேளையாக இந்தப் பெட்டிகள் தின்னும் மின்சாரம் மிகக் குறைவு. பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடும். அதற்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால், டி.வி.க்கு முன்னால் இந்தப் பெட்டியை அதில் சேர்க்கலாம்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

பெட்டியின் அடியில் இருக்கும் மேக் நம்பரையும் சீரியல் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அல்லது செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டி எரிந்துபோன பிறகு ஸ்டிக்கரைத் தேடுவது கஷ்டம்.

ஊசி முனையால் அமுக்கும் ‘ரீசெட்’ பட்டன் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். ஆஃப் செய்து போடுவது வேறு, ரீசெட் வேறு. ஆஃப் செய்து போட்டால் பெட்டி தூங்கி எழுந்த மாதிரி. ரீசெட் அமுக்கினால் எல்லாம் மறந்துபோன மாதிரி. தானாகப் போய் செட்டிங்ஸ் வாங்கும் ஏற்பாடு இல்லாத பெட்டி என்றால், அதன் பிறகு ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

பழைய பெட்டியை யாருக்காவது கொடுப்பதாகவோ எடைக்குப் போடுவதாகவோ இருந்தால், அப்போது மட்டும் ரீசெட் செய்துவிடுங்கள். உள்ளே வீட்டு போனின் பாஸ்வேர்டு இருக்கும். கம்பெனியின் பெட்டி என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

‘ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெட்டியைச் சரி செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்ள வங்கி ஓ.டி.பி. எதற்கு? செல்போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலும் அதே பதில்தான்.

வெளிநாட்டுக்குப் பேசும் வழக்கம் இல்லாத வீடு என்றால், ஐ.எஸ்.டி. வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். திருடன் பாஸ்வேர்டை எடுத்தாலும் பெரிய பில் போட முடியாது.

மாதம் ஒரு முறை, கரன்ட் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, வீட்டு போனிலிருந்து செல்போனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் சரி.

தூரத்திலிருந்து செட்டிங்ஸ் போடும் வசதி, மலைக்கும் டவுனுக்கும் உள்ள தூரத்தில் பாதியைக் குறைத்திருக்கிறது. மீதிப் பாதி கேபிளும் கரன்ட்டும். அதற்கு மலையிலேயே ஆள் வேண்டும். வெள்ளிமலையில் ஓர் உதிரிப் பெட்டியும், இழையை ஒட்டத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரும் இருந்தால், கள்ளக்குறிச்சியிலிருந்து ஜீப் வரும்வரை ஒரு கிராமம் ஊமையாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபைபர் வரும் ஊர்களில் கிராம சபை கூடும்போது, இந்த இரண்டையும் கேட்டு வாங்கலாம்.